அலாய் சக்கரம் புதுக்கும் பருவம்

உருளையைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பல. ஆழி, திகிரி, நேமி என்பன நூல்வழக்கிற் பயின்றவை. சக்கரம் என்பது உலகவழக்கில் நிலைபெற்றது. கட்டைவண்டிச் சக்கரத்தின் உறுப்புக்களாகிய குடம், ஆரக்கால், வட்டை, பட்டா என்பவற்றை எம்மூராகிய குரும்பலூரில் முதியோர் இன்றும் பெயர் சொல்லிச் சுட்டிக் காட்டுவர். அக்குடமும் ஆரக்காலும் வட்டையும் ஒரே வார்ப்பாய் அமைந்த அலுமினியச் சக்கரம் இக்காலத்துக் கார்கள் பலவற்றில் ஓடுகின்றது. அதனை மக்கள் அலாய் வீல் என்பர். யாம் ஈண்டு அலாய் சக்கரம் என வழங்குவாம்.

இரும்பு கெட்டால் துரு என்கிறோம். செம்பு கெட்டால் களிம்பு என்கிறோம். அலுமினியம் கெடும் கேட்டிற்கோ தமிழில் இன்னும் தனிப்பெயர் அமைந்திலது. உலோகத்தின்மேல் வெண்ணிறமான மாவும் செதிலுமாய் அது தோன்றுதலின், வெண்பொருக்கு எனப் பெயரிட்டு மேற்செல்வாம். பெயரில்லாமையால் விளைந்த தீங்கும் ஒன்றுண்டு. துரு என்றால் அஞ்சி உடனே எண்ணெய் தேடும் ஒருவர், தம் காரின் அலாய் சக்கரத்தில் வெண்புள்ளிகள் கண்டால் அழுக்கென்று துடைத்துவிட்டுப் போகிறார். அன்றேல், அழகு கெட்டதென்று வருந்தி மறுநாளே வண்ணம் பூசுவிக்கிறார். இவ்விருவரும் சக்கரத்தின் முகத்தை மட்டுமே நோக்கினர். சக்கரத்தின் உயிர்நிலை முகத்தில் இல்லை. டயருக்குள் மறைந்த விளிம்பில் உள்ளது. புதுக்க வேண்டுமா, பொறுக்கலாமா, எறிந்துவிட வேண்டுமா என்னும் மூன்றையும் அவ்விடம் நோக்கியே துணிதல் வேண்டும் என்பது எம் கருத்து. அதற்குரிய காரணங்களை இனி விரிப்பாம்.

அலுமினியம் மண்ணிற் பெருகிக் கிடப்பினும் தனி உலோகமாய் மனிதன் கைக்கு வந்தது அண்மையிலேயே. டென்மார்க்கு நாட்டு எர்ஸ்டெட் என்பார் 1825-இல் அதனை முதன்முதற் பிரித்தார். 1886-இல் அமெரிக்கராகிய ஹாலும் பிரெஞ்சுக்காரராகிய எருவும் மின்சாரத்தால் அதனை மலிவாய்ப் பெறும் வழியைத் தனித்தனியே கண்டனர். அதன்பின் நாற்பதாண்டு நிரம்புமுன்னரே அவ்வுலோகம் சக்கரமாயிற்று. 1924-இல் பிரான்சு தேசத்து லியோன் நகரில் நடந்த பெரும் பந்தயத்தில் புகாட்டி 35 என்னும் கார் எட்டு ஆரமுடைய அலுமினிய வார்ப்புச் சக்கரங்களோடு தோன்றியது. நம் நாட்டிலும் மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965 முதல் 2008 வரை சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் எடுத்த பாக்சைட்டை உருக்கி அலுமினியம் ஆக்கியது. கொல்லிமலை எம்மூரிலிருந்து மேற்கே, பச்சைமலைக்கும் துறையூருக்கும் அப்பால் உள்ளது. ஆதலின் இவ்வுலோகம் எமக்கு முற்றும் அயலதன்று.

சக்கரத்திற்கு வார்ப்பது தூய அலுமினியமன்று. நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பங்கு சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் கூட்டி, வார்த்தபின் சூடேற்றிக் குளிர்வித்து, மீண்டும் 150 முதல் 170 பாகை செல்சியசு அளவில் சில மணி நேரம் பதப்படுத்துவர். இப்பதமே அதற்கு வலிமை தருவது. இதனைப் படிப்போர் நினைவில் இருத்துக. புதுக்கும் பட்டறையின் அடுப்பைப் பற்றிப் பேசுங்கால் இது வேண்டப்படும்.

அலுமினியம் காற்றுப்பட்ட அக்கணமே தன்மேல் ஒரு மென்படலத்தைப் போர்த்துக்கொள்கிறது. அப்படலத்தின் கனம் சில நானோமீட்டரே. நானோமீட்டராவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கியதில் ஒரு கூறு. இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே உள்ளதைக் காற்றுக்குத் திறந்துவிடும். அலுமினியத்தின் படலமோ ஒட்டிநின்று உள்ளே உள்ளதைக் காக்கும். கீறினாலும் கீறிய இடம் உடனே மூடிக்கொள்ளும். இத்தகைய காவல் இருக்கவும் அலாய் சக்கரம் ஏன் கெடுகிறது எனின், அக்காவலுக்குப் பகைகள் சில உள. ஒன்று உப்பிலுள்ள குளோரைடு. அது படலத்தின் நலிந்த புள்ளி ஒன்றைத் துளைத்து, ஊசி குத்தினாற்போற் குழி தோண்டும். மற்றையவை அமிலமும் காரமும். ஈரத்தின் பிஎச் எண் ஏறக்குறைய 4-க்கும் 8.5-க்கும் இடைநிற்கும் வரை படலம் நிலைக்கும். அவ்வெல்லை கடந்தால் இருபுறத்தும் கரையும். பிறிதொரு பகை, வேற்று உலோகத்தின் தொடர்பு. இரும்பும் அலுமினியமும் உப்புநீரில் நனைந்தபடி தொட்டுக்கொண்டிருப்பின் அவ்விடத்து ஒரு சிறு மின்கலம் உண்டாகி, அலுமினியமே தேய்ந்து கொடுக்கும். சக்கரத்தின் சமனிலைக்காக விளிம்பில் அடித்து மாட்டும் இரும்பு வெயிட்டுகளின் கீழ் வெண்பொருக்கு முதலில் தோன்றுவது இதனாலும், அடிக்கும்போது மேற்பூச்சுப் பிளப்பதனாலும் ஆம்.

மேற்பூச்சைப் பற்றியும் ஒரு சொல். தொழிற்சாலையில் சக்கரத்தின்மேல் வண்ணமும், அதன்மேற் கண்ணாடி போன்ற லாக்கரும் பூசுவர். சில சக்கரங்களின் முகத்தை லேத்தில் ஏற்றி வைரமுனையாற் சீவி, சீவிய உலோகத்தின் மேலேயே லாக்கரை மட்டும் பூசுவர். இதனை டைமண்ட் கட் என்பர். காண்பதற்கு இனியது, காப்பதற்கு எளியதன்று. தெருவோரக் கல் உரைந்தோ சரளை தெறித்தோ லாக்கர் ஓரிடத்திற் பிளந்தால், ஈரம் அவ்வழியே புகுந்து லாக்கரின் அடியில் புழு ஊர்ந்த தடம்போல வெண்கோடுகளாய் நெளிந்து பரவும். கண்ணிற்குப் பெருங்கேடாய்த் தோன்றும் இது பெரும்பாலும் மேலோடு நிற்பது. இதனைக் கண்டு அஞ்சுவோர் பலர். அஞ்ச வேண்டுவது வேறிடத்து உள்ளது.

இனி எம் பக்கத்து நிலையைப் பார்ப்பாம். அரியலூரைச் சூழ்ந்த நிலம் பல கோடி ஆண்டுகட்கு முன் கடலின் அடியிற் கிடந்தது; கல்லாய்ப்போன சிப்பிகளும் நத்தைகளும் இன்றும் அங்கே அகப்படுகின்றன. அக்கடல் விலகிப்போனது எம்மூர்க் கார்களுக்கு ஒரு நன்மையே. நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் உப்புக்காற்று நாள்தோறும் சக்கரத்தின்மேற் படிவதுபோல ஈண்டுப் படிவதில்லை. ஆயினும் அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் வேறோர் உருவில் வந்து சேர்கிறது. அரியலூரில் அரசினர் சிமெண்டு ஆலை 1979-இல் தொடங்கியது. பின்னர் அவ்வட்டாரத்தில் ஆலைகள் பல எழுந்தன. ஈரமான சிமெண்டின் பிஎச் எண் 12-க்கும் மேற்பட்டது. அஃது அலுமினியப் படலத்தைக் கரைக்க வல்லது. வீடு கட்டுமிடத்தில் கலவை சிந்திய தரையில் காரை ஓட்டி, சக்கரத்தில் ஒட்டியதை உலரவிட்டுப் பின்பு சுரண்டுவோர் லாக்கரையும் உடன் சுரண்டுகின்றனர். உலருமுன் நீர் விட்டுக் கழுவின் தீங்கில்லை.

கழுவுவதிலும் கேடுண்டு. வாட்டர் வாஷ் செய்யும் இடங்கள் சிலவற்றில், பிரேக்கிலிருந்து உதிர்ந்து சக்கரத்தில் ஒட்டிய கரும்பொடி விரைவில் நீங்கவேண்டி அமிலநீரைத் தெளிப்பர். எண்ணெய்ப்பிசுக்குப் போகக் காஸ்டிக் சோடாக் கலந்த நீரையும் ஊற்றுவர். அக்கணம் சக்கரம் வெள்ளிபோல் ஒளிரும். அவ்வொளி, படலம் கரைந்ததன் அடையாளம் என்று அறிவோர் சிலரே. சாதாரணச் சோப்புநீரும் மெல்லிய துணியும் போதும்.

எம்மூரிற் கார் வாங்குவோர் பலரும் பழைய காரையே வாங்குவர். அது சென்னையிலோ கடலூரிலோ பல்லாண்டு ஓடி வந்ததாய் இருத்தல் கூடும். எம் பெரியப்பா வாடகைக்கு ஓட்டும் காரும் அத்தகையதே. அதன் இடப்பக்கத்துப் பின்சக்கரம் ஐந்தாறு நாளைக்கொருமுறை காற்றிழந்து நின்றது. ஒரு பஞ்சர் கடையில் ஆணி தேடினர், இல்லை. வால்வை மாற்றினர், பயனில்லை. மற்றொரு கடைக்காரர் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியிற் படுக்கவைத்துச் சற்றுநேரம் பொறுத்திருந்து, "அண்ணே, டயரு நல்லாத்தான் இருக்கு, ரிம்முதான் காத்த விடுது" என்றார். விளிம்பைச் சுற்றி மணிமணியாய்க் குமிழிகள் எழுந்தன. டயரைக் கழற்றியபோது அதன் விளிம்பு உட்காரும் வளையம் முழுதும் வெண்பொருக்கு ஏறியிருந்தது. முகமோ, முந்திய உடையவர் பூசுவித்த புதுவண்ணத்தால் பளபளவென்று இருந்தது.

இவ்விடமே யாம் முன்னர் உயிர்நிலை என்றது. இக்காலத்து டயர்களுக்குள் டியூப் இல்லை. டயரின் விளிம்பு சக்கரத்தின் வளையத்தில் இறுக அழுந்துவதனாலேயே காற்று அடைபடுகிறது. அலுமினியம் கெட்டு வெண்பொருக்காகுங்கால் தான் முன்பு அடைத்த இடத்தினும் மிகுதியான இடத்தை அடைக்கும். அங்ஙனம் பருத்து டயரின் விளிம்பை மெல்ல உயர்த்தும். உயர்ந்த இடுக்கில் காற்றுக் கசியும். நாளொன்றுக்குச் சிறிதே ஆயினும், பார்க்காதவருக்கு இரு கிழமையில் அது பெரிதாகும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாய் மடிந்து விரிந்து சூடேறும். பெரம்பலூரைக் கடந்து செல்லும் சென்னை - திருச்சிராப்பள்ளிப் பெருவழியில் சித்திரை வெயிலில் விரைந்து ஓடும்போது, அச்சூடே டயர் பிளப்பதற்குக் காரணமாகும். வெடித்ததன் பழி டயர்மேற் போகும். பெரம்பலூரை அடுத்த நாரணமங்கலத்தில் எம்ஆர்எஃப் டயர்த் தொழிற்சாலை இருத்தலின் டயரைப் பற்றி எம் பக்கத்தார் பலரும் பேச வல்லர். டயர் உட்காரும் வளையத்தைப் பற்றிப் பேசுவார் அரியர்.

கசியும் சக்கரத்துக்குச் சிலர் உள்ளே டியூப் போட்டு ஓட்டுவர். இது மருந்தன்று. பொருக்கேறிய சொரசொரப்பு டியூப்பை உரைந்து தேய்க்கும். மெல்லக் கசிந்த காற்று ஒருநாள் ஒருங்கே வெளிப்படும். டயரைக் கழற்றி, வளையத்தைக் கம்பித்தூரிகையால் தேய்த்து, விளிம்பு அடைக்கும் பசையைத் தடவி மாட்டுதல் ஓரளவு நன்று. வெண்பொருக்கு மேலோடு இருப்பின் இச்சிறு வைத்தியமே சில காலம் தாங்கும். ஆயினும் அங்கே பூச்சு போய்விட்டமையால் அது திரும்ப வரும். ஒருமுறை தேய்த்தபின் மறுமுறையும் கசியுமாயின் புதுக்கும் பருவம் வந்துவிட்டது என்று கொள்க. இன்னும் தள்ளினால் குழிகள் ஆழமாகும். ஆழ்ந்த குழியுள்ள வளையத்தை எப்பூச்சும் சமனாக்காது. புதுக்குதல் பயன்படும் காலத்திற்கு முடிவும் ஒன்று உண்டு என்பதை வண்டியுடையார் பலர் எண்ணுவதில்லை.

கசிவில்லாத சக்கரத்திற்குப் பருவம் எது? டயர் மாற்றும் நாளே. சக்கரத்தைப் புதுக்க வேண்டுமாயின் டயரைக் கழற்றுதல், மீட்டும் மாட்டுதல், சமனிலை பார்த்தல் ஆகிய செலவுகள் எப்படியும் நேரும். டயர் தேய்ந்து புது டயர் வாங்கும்போது அச்செலவுகள் தாமே நேர்கின்றன. காரின் டயரில் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஓட்டலாகாது என்பது விதி. அவ்வளவுக்குத் தேயுமுன் மாற்றும் அந்நாளில், கடைக்காரர் பழைய டயரைக் கழற்றியதும் புதியதை மாட்டவிடாது, நான்கு வளையங்களையும் விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். வழவழப்பாயின் மாட்டுக. மாவுபோல் ஒட்டினால் தேய்த்து மாட்டுக. நகம் தடுக்கும்படி செதில் எழுந்திருப்பின் அன்றே புதுக்க அனுப்புக. ஐப்பசி மழைக்கு முன்னராயின் இன்னும் நன்று. டயர் பாதி தேய்ந்திருக்க, முகத்துப் புழுத்தடங்களுக்காக மட்டும் அனுப்புவது, எம்மைக் கேட்டால், வீண் செலவு. காரை விற்கப்போகிறவர் மட்டும் விதிவிலக்கு. அவர் வாங்குவாருடைய கண்ணுக்காகச் செலவிடுகிறார். வாங்குவார் அதனால் ஏமாறாதிருக்க, பளபளக்கும் சக்கரத்தைக் கண்டதும் வால்வருகே காற்றின் அளவைப் பார்த்து, ஒரு கிழமை கழித்து மீட்டும் பார்ப்பாராக.

எறிய வேண்டிய சக்கரமும் உண்டு. வெடிப்புக் கண்டது, ஆரம் பிளந்தது, நட்டு உட்காரும் குழி விரிந்து நீண்டது, இவை புதுக்குதற்கு உரியன அல்ல. வெடிப்பைப் பற்றவைத்துத் தருவோர் உளர். பற்றவைக்கும் வெப்பம் அவ்விடத்தைச் சூழ்ந்த பதத்தைக் கெடுத்துவிடும். வெடிப்பு மறைந்தாலும் வலிமை மீளாது. புதிய சக்கரத்தைச் சந்தைக்கு விடுமுன் ஆய்கூடத்தில் வளைவுவிசையில் பல்லாயிரம் சுழற்சி சுழற்றுவர். 13 பாகை சாய்த்து வைத்து அதன்மேல் எடை வீழ்த்திச் சோதிப்பர். பற்றவைத்த சக்கரத்தை அவ்வாறு சோதித்துத் தருவார் யார்? புதிய அலாய் சக்கரம் வாங்கப் பொருளில்லையாயின், அதே வகைக் காரின் எளிய பிரிவுக்கு வரும் இரும்புச் சக்கரம் வாங்குதல் நன்று. அழகிற் குறைவு, குழியில் விழுந்தால் உடையாது வளையும், வளைந்ததைப் பெரும்பாலும் தட்டி நிமிர்த்தலாம். நட்டின் வடிவு வேறுபடுமாயின் அதனையும் உடன் மாற்றிக்கொள்ள வேண்டும். எம் பெரியப்பா இறுதியில் இவ்வழியையே கைக்கொண்டார். பெரியம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

புதுக்குதல் என்பது யாது? டயரை மாட்டியபடியே சக்கரத்தின் முகத்தில் பட்டி பார்த்து ஸ்பிரே அடிப்பதை நம் பக்கத்திற் சிலர் அப்பெயரால் வழங்குகின்றனர். அது பொருக்கின்மேற் போர்த்திய துணி. முறையாய்ச் செய்வதாயின் டயரும் வால்வும் வெயிட்டும் நீக்கி, பழைய பூச்சு முழுவதையும் மருந்தாலோ மணலையொத்த துகளை வீசியோ உரித்து, வெறும் உலோகம் ஆக்குதல் வேண்டும். வெடிப்பு உண்டாயின் அப்போதே கண்ணுக்குப் புலப்படும். பின்னர் அடிப்பூச்சும், பௌடர் பூச்சும் இட்டு அடுப்பில் 180 முதல் 200 பாகை செல்சியசு வரை சூடேற்றுவர். முன்னர்க் கூறிய பதப்படுத்தும் வெப்பத்தினும் இது மிகுதி. ஆதலின் நேரத்தை எண்ணிக்கொள்ள வேண்டும். பத்து, இருபது நிமிடம் சக்கரம் தாங்கும். மறந்துபோய் மணிக்கணக்கில் விட்டால், அல்லது பழுதென்று உரித்து மீட்டும் மீட்டும் சுட்டால், வார்ப்பின் வலிமை குறையும். சன்னற்சட்டமும் கதவும் பூசிப் பழகிய பட்டறைக்கு இக்கவலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே சக்கரம் பூசிப் பழகிய இடமா என்று கேட்டறிதல் தகும். டைமண்ட் கட் சக்கரமாயின் முகத்தை மறுபடியும் லேத்திற் சீவுவர். ஒவ்வொரு முறையும் உலோகம் சிறிது போகும். சில முறைக்குமேற் செய்யலாகாது. பெருங்கல்லும் பள்ளமும் நிறைந்த வழியில் ஓடும் காருக்கு அவ்வழகு வேண்டா, முழுதும் வண்ணம் பூசிவிடுங்கள் என்று சொல்லிவிடுதலே அறிவு.

பட்டறையாரிடம் மறவாது சொல்ல வேண்டிய ஒன்று உளது. நட்டு அழுந்தும் குழியிலும், சக்கரம் அச்சுக்குடத்தோடு பொருந்தும் பின்முகத்திலும் கனத்த பூச்சு இருத்தலாகாது. அவ்விடங்களைத் துணியாலோ செருகுகட்டையாலோ மறைத்தே பூசுதல் வேண்டும். பூச்சு இடைப்படின், நட்டை இறுக்கும்போது உறுதியாய்த் தோன்றி, ஓட ஓடப் பூச்சு நசுங்கி நட்டு தளரும். டயர் உட்காரும் வளையத்திலோ பூச்சு மெல்லிதாய், இடைவிடாது இருத்தல் வேண்டும்; அங்கே வெறும் உலோகத்தை விட்டால் முன்வந்த நோயே திரும்ப வரும். வெயிட்டுகளை விளிம்பில் அடித்து மாட்டாது உட்புறத்தில் ஒட்டும் வகையிற் கேட்டுப் பெறுக.

சக்கரத்தைக் காரில் மாட்டுமுன் அச்சுக்குடத்தின் முகத்திலுள்ள இரும்புத் துருவையும் தேய்த்து நீக்குதல் வேண்டும். நட்டுகளைக் கையேட்டிற் சொன்ன அளவிற்கு, எதிரெதிராய் மாற்றி மாற்றி இறுக்குக. குரும்பலூரிலிருந்து திருச்சிராப்பள்ளி போய் மீளும் அளவு ஓடியபின் சக்கரம் ஆறியிருக்கும்போது மீட்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க. அன்றே நான்கு டயரின் காற்றளவையும் ஒரு தாளிற் குறித்து, காரின் உள்ளே வைத்து, பதினைந்து நாட் கழித்துக் காலையில் வண்டி எடுக்குமுன் அளந்து ஒப்பிடுக. நான்கும் ஒத்துக் குறைந்திருப்பின் அஃது இயல்பு. ஒன்று மட்டும் மிகக் குறைந்திருந்தால் அச்சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்கு எடுத்துச் செல்க.